“எப்பவும் இப்படித்தான்” என்பது காரணம் ஆகுமா?

தூறல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைக் கேட்க வேண்டும்.

நான் ஒரு துணிக்கடையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். காலையில் கவுன்ட்டருக்குப் பின்னால் போய் நின்றால் இரவு கடை அடைக்கும் வரை நிற்க வேண்டும். சாப்பிடும் நேரம் தவிர உட்காரக் கூடாது. ஆளே வராத மத்தியானத்திலும் அப்படித்தான். அதைச் சமாளிக்க எங்களுக்குள் சில வழிகள் உண்டு. ஷெல்ஃபின் கீழ்த்தட்டில் ஒரு குதிகாலை ஏற்றி வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரம் கழித்து மற்றக் காலை. துணி மடிக்கிற மாதிரி குனிந்து முழங்கைகளை ஊன்றிக்கொள்வோம். இரவில் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் தூங்கும்வரை காலில் இருக்கும்.

போன மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள், “ஏன் அக்கா உட்காரக் கூடாது?” நான் யோசிக்கக்கூட இல்லை. “இங்கே எப்பவும் அப்படித்தான்” என்றேன். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. நான் சேர்ந்த புதிதில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். இதே பதில்தான் கிடைத்தது. அது பதிலே இல்லை என்று அன்று நினைத்தேன். இப்போது அது என் வாயிலிருந்தே வருகிறது.

இது என் கடைக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை என்று தோன்றுகிறது. வீடு, அலுவலகம், அரசாங்கம் எங்கே பார்த்தாலும், இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும் என்பவர்கள்தான் அதிகம். அதனால் லாபம் அடைகிறவர்கள் அப்படிச் சொன்னால் புரிகிறது. அதனால் கால் கடுக்கிறவர்களும் ஏன் அதையே சொல்கிறோம்?


பழையசைக்கிள் எழுதியது:

தூறல், உங்கள் கடை விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் பொதுவாகப் பழைய வழக்கங்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பணி ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருடம் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு ஷிஃப்ட் முடியும்போதும் தொட்டியின் நீர் மட்டத்தைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். பிறகு சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்தன. மட்டம் திரையிலேயே தெரிந்தது. ஆனாலும் பலகையில் எழுதுவது நிற்கவில்லை. புதிதாக வந்த அதிகாரி, “இது என்ன இரட்டை வேலை?” என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஓர் இரவு, சென்சார் ஒரே எண்ணில் நின்றுவிட்டது. திரையில் தொட்டி பாதி நிறைந்திருப்பதாகவே காட்டியது. உண்மையில் கீழ்த்தொட்டி வற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாமலே மோட்டார் ஓடிக் கருகியது. விடிந்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. பலகையில் எழுதுவது எழுதுவதற்காக இல்லை. எழுத வேண்டுமானால் ஒரு மனிதன் ஏணியில் இறங்கி, டார்ச் அடித்துத் தன் கண்ணால் தண்ணீரைப் பார்த்தாக வேண்டும். அதைத்தான் அந்தப் பலகை எங்களைச் செய்ய வைத்துக்கொண்டிருந்தது. அதை வைத்தவர் எப்போதோ போய்விட்டார், காரணமும் அவரோடு போய்விட்டது.

ஊர் அளவில் நடந்தால் மோட்டார் கருகும். நாடு அளவில் நடந்தால்? 1958-இல் சீனாவில் எலி, ஈ, கொசுவோடு சிட்டுக்குருவியையும் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தார்கள். குருவி தானியத்தைத் தின்கிறது என்பதுதான் காரணம். மக்கள் தட்டுகளையும் பாத்திரங்களையும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். உட்கார இடமில்லாமல் பறந்து பறந்து குருவிகள் களைத்து விழுந்தன. அந்தக் குருவிகள்தான் பூச்சிகளையும் தின்றுகொண்டிருந்தன. குருவி போனதும் பூச்சி பெருகியது. 1960-இல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அடுத்து வந்த பெரும்பஞ்சத்துக்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு, ஆனால் இதற்கும் அதில் பங்கு இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். ஒரு வழக்கம் எதைத் தாங்கி நிற்கிறது என்று தெரியாமல் அதைப் பிடுங்காதீர்கள்.


ஆற்றுமணல் எழுதியது:

ஐயா, குருவிக் கதையை நான் வேறு மாதிரி படிக்கிறேன். அதைச் செய்தது இருக்கிறதை எதிர்த்துக் கேட்டவர்கள் இல்லை. மேலே இருந்தவர்கள். “குருவி பூச்சியையும் தின்னுமே” என்று அந்த ஆரம்பத்தில் ஒருவர் உரக்கச் சொல்லி, அதைக் காதில் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருந்திருந்தால் போதும். மேலிடத்தை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்ற வழக்கம்தான் அங்கே மாறாமல் இருந்தது. குருவியைக் கொன்றது மாற்றம் என்கிறீர்கள். எனக்கு என்னவோ கேள்வி கேட்காத பழக்கம்தான் கொன்றது என்று படுகிறது.

உங்கள் பம்ப் ஹவுஸிலும் அதே கதைதான். காரணம் தெரியாமல் பலகையைக் கழற்றியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். காரணம் தெரியாமலே இத்தனை வருடம் அதில் எழுதிக்கொண்டிருந்தீர்களே, அதுவும் தப்புதானே? யாராவது ஒருவர் முன்னாடியே “எதற்கு எழுதுகிறோம்?” என்று கேட்டுத் தெரிந்துவைத்திருந்தால் அதிகாரிக்குப் பதில் சொல்லியிருக்கலாம்.


பழையசைக்கிள் எழுதியது:

நியாயம். இரண்டாவது நான் இதுவரை யோசித்துப் பார்க்காத கோணம்.


எண்கோணம் எழுதியது:

தூறல் கேட்டதற்கு வருகிறேன். இது வெறும் கோழைத்தனமோ சோம்பலோ இல்லை. மனித மனம் இருப்பதன் பக்கமே சாயும். 1988-இல் சாமுவேல்சன், செக்கௌசர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே தேர்வுகளைச் சிலருக்குச் சும்மா கொடுத்தார்கள். சிலருக்கு, அதில் ஒன்று ஏற்கெனவே நடப்பில் இருப்பதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நடப்பில் இருப்பது எதுவானாலும் அதன் பக்கம் அதிகம் பேர் போனார்கள்.

உறுப்பு தானத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் ஒப்பிட்டிருந்தார்கள். ஒரே மொழி, பக்கத்துப் பக்கத்து நாடுகள். ஜெர்மனியில் ஒப்புதல் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 12 சதவீதம், ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல். ஜெர்மனியில் தானம் செய்ய விரும்புகிறவர் தானாக முன்வந்து பதிய வேண்டும். ஆஸ்திரியாவில் வேண்டாம் என்பவர்தான் பதிய வேண்டும். பெரும்பாலோர் இரண்டு இடத்திலும் ஒன்றுமே செய்யவில்லை, அவ்வளவுதான். (ஒப்புதல் எண்ணிக்கையும் உண்மையில் நடக்கும் தானமும் ஒன்றல்ல. அதற்கு மருத்துவமனை ஏற்பாடுகள், குடும்பத்தின் சம்மதம் எல்லாம் வேண்டும்.)

கையில் இருப்பதை இழப்பது, அதே அளவு புதிதாகப் பெறுவதைவிட அதிகமாக வலிக்கும். மாற்றத்தில் இழக்கப்போவது கண்ணுக்குத் தெரியும், கிடைக்கப்போவது தெரியாது. அதனால் தராசு ஆரம்பத்திலேயே சாய்ந்துவிடுகிறது.

இந்தச் சாய்வைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. போஸ்ட்ரம், ஓர்ட் என்ற இரு தத்துவவாதிகள் 2006-இல் முன்வைத்தது. கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் கடையில் ஆரம்பத்திலிருந்தே எல்லோருக்கும் நாற்காலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் முதலாளி வந்து, “நாளையிலிருந்து நாற்காலி கிடையாது, பத்து மணி நேரமும் நில்லுங்கள்” என்கிறார். அதை நியாயம் என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள் என்றால், இப்போது நாற்காலி இல்லாததற்கும் நியாயம் இல்லை. முதலில் வந்தது என்ற ஒன்றுதான் அதன் பலம்.


தூறல் எழுதியது:

திருப்பிப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது எண்கோணம். நாற்காலியைப் பிடுங்கியிருந்தால் நாங்கள் சண்டை போட்டிருப்போம். இல்லாமலே இருந்ததால் சும்மா இருந்தோம்.

ஆனால் மனச்சாய்வு மட்டும் இல்லை. பயமும் இருந்தது. எல்லோரும் பேசாமல் நிற்கும்போது நான் மட்டும் எப்படிக் கேட்பது என்பதுதான் முக்கால்வாசி.


கடைசிபெஞ்சு எழுதியது:

இதுதான் என் பேட்டை அக்கா.

என் முதல் வேலையில் அலுவலக நேரம் ஆறு மணி வரைக்கும்தான். ஆனால் மேலாளர் கிளம்பும்வரை ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவர் சில நாள் எட்டு, எட்டரை வரை இருப்பார். ஆறு மணிக்கு மேல் யாருக்கும் வேலை இருக்காது. திரையைப் பார்த்துக்கொண்டே மவுஸை நகர்த்திக்கொண்டிருப்போம். மற்றவர்களுக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது, நான் மட்டும்தான் நடிக்கிறேன் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பிறகு பேசிப் பார்த்தோம். ஒருநாள் ஒருவர் ஆறு பத்துக்குப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, “குழந்தையைக் கூப்பிடப் போகணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றும் ஆகவில்லை. மேலாளர் தலையைக்கூடத் தூக்கவில்லை. அடுத்த வாரம் பாதிப் பேர் ஆறரைக்குக் கிளம்பிவிட்டோம். அந்த விதி எங்கள் எல்லோருடைய தலையிலும் இருந்தது, வேறு எங்கேயும் இல்லை.

1950-களில் சாலமன் ஆஷ் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு கோடு, பக்கத்தில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் உள்ள மற்ற எல்லோரும் ஏற்பாட்டு ஆட்கள். வேண்டுமென்றே தப்பான பதிலைச் சொல்வார்கள். சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான பதிலைச் சொன்னார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டையே நம்பவில்லை.

ஆனால் இதன் இரண்டாம் பாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. ஏற்பாட்டு ஆட்களில் ஒரே ஒருவரைச் சரியான பதில் சொல்ல வைத்தபோது கூட்டத்தோடு போனவர்களின் எண்ணிக்கை சடாரென்று விழுந்துவிட்டது. அந்த ஒருவர் வேறொரு தப்பான பதிலைச் சொன்னால்கூட விழுந்தது. அதாவது அவர் சரியாகச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. எல்லோரும் ஒரே குரலில் இல்லை என்று தெரிந்தால் போதும். உங்கள் கடையில் அந்தப் புதிய பெண் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன்.


பழையசைக்கிள் எழுதியது:

நானும் மாற்றத்துக்கு எதிரி இல்லை தம்பி. எப்படி மாற்றுவது என்பதில்தான் என் கவலை. ஸ்வீடனைப் பாருங்கள். அங்கே இடப்பக்கம்தான் வண்டி ஓட்டினார்கள். சுற்றியிருந்த நாடுகளில் வலப்பக்கம். அவர்களுடைய கார்களிலேயே பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது, அதாவது வலப்பக்கச் சாலைக்கான வண்டிகள். அப்படியும் 1955-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது ஏறத்தாழ 83 சதவீதம் பேர் மாற்றவே கூடாது என்றார்கள். 1963-இல் நாடாளுமன்றம் மாற்றுவது என்று முடிவெடுத்து, நான்கு வருடம் தயார் செய்தது. 1967 செப்டம்பர் 3, அதிகாலை ஐந்து மணிக்குச் சற்று முன் சாலையில் இருந்த வண்டிகள் எல்லாம் நின்றன. மெதுவாக எதிர்ப்பக்கம் போய் மறுபடி நின்றன. ஐந்து மணிக்குக் கிளம்பின. எல்லோரும் பயந்து பயந்து ஓட்டியதால் முதலில் விபத்துகள் குறைந்தன, பிறகு பழைய அளவுக்கே வந்தன. பெரிய கேடு ஒன்றும் வரவில்லை. நிதானமாக, யோசித்து, எல்லோரையும் தயார் செய்து மாற்றினார்கள். நான் கேட்பது அந்த நிதானத்தைத்தான்.


மறுகரை எழுதியது:

இழையை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். பழையசைக்கிள் ஐயா மேல் மரியாதையோடு சொல்கிறேன். சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதில் யாரும் யாரையும் மிதிப்பதில்லை. அங்கே நிதானத்துக்கு விலை கிடையாது. மனிதர்களின் உரிமை என்று வரும்போது அந்த நிதானத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு நாடளவில் வாக்குரிமை தரலாமா என்று 1959-இல் கேட்டார்கள். யாரிடம்? ஆண்களிடம். மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். 1971-இல் மறுபடி கேட்டபோது ஏறத்தாழ அதே அளவு பேர் சரி என்றார்கள். நிதானமான மாற்றம், சத்தமே இல்லை. ஆனால் 1959-இல் எழுபது வயதில் இருந்த ஒரு பெண்மணியை நினைத்துப் பாருங்கள். “இன்னும் பன்னிரண்டு வருடம் பொறுங்கள் அம்மா” என்று அவரிடம் யார் சொல்வது? அப்பன்ஸெல் இன்னர்ரோடன் என்ற ஒரு மாநிலத்தில் உள்ளூர்த் தேர்தலுக்கு 1990-இல் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

இன்னொன்று. பிரிட்டன் 1833-இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். அந்தப் பணம் யாருக்குப் போனது? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. அது மட்டுமா, தொழில் பழகுநர் என்று பெயர் வைத்து, பெரும்பாலோரை 1838 வரை அதே எஜமானர்களிடம் சம்பளம் இல்லாமல் வேலை செய்ய வைத்தார்கள். மாற்றத்தால் யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் போட்டவர்கள், அது வரைக்கும் யாருக்கு நஷ்டம் என்ற கணக்கைப் போடவே இல்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இருப்பதை அப்படியே விடுவதும் ஒரு முடிவுதான் ஐயா. அதற்கும் தினமும் யாரோ ஒருவர் கட்டணம் கட்டுகிறார். நாம் கட்டவில்லை என்பதால் அது இலவசம் ஆகிவிடாது.


எண்கோணம் எழுதியது:

மறுகரை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் தூறலின் முதல் கேள்வி அதுதான். 1908-இல் பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர்கள் பெண்கள். அவர்களைக் கைக்கூலிகள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம், ஆனால் தப்பு. ஜோஸ்ட், பனாஜி என்ற உளவியல் அறிஞர்கள் 1994-இல் இதைப் பற்றி எழுதினார்கள். நாம் வாழும் அமைப்பு அநியாயமானது என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருடம் அதற்குள் வாழ்ந்த நம் வாழ்க்கையையும் கேள்வி கேட்க வேண்டி வரும். அது தாங்க முடியாத பாரம். அதைவிட, இது சரிதான், இதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நம்புவது மனதுக்கு லேசு.


ஆற்றுமணல் எழுதியது:

எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிரெஞ்சுப் புரட்சி. எல்லாவற்றையும் பத்தின் மடங்கில் மாற்றப் பார்த்தார்கள். ஒரு நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்குப் பத்து நாள், மீட்டர், கிலோகிராம். பத்து மணிக் கடிகாரம் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. வேடிக்கை இல்லை, உண்மை: 1795-இல் மெட்ரிக் அளவைக் கொண்டுவந்த அதே சட்டம்தான் அந்தக் கடிகாரத்தை நிறுத்தியும் வைத்தது. பத்து நாள் வாரமும் செத்துப்போனது. ஏன்? ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைத்த ஓய்வு பத்து நாளுக்கு ஒருமுறை ஆகிவிட்டது. உழைக்கிறவர்கள் எப்படி ஏற்பார்கள்?

மீட்டர் மட்டும் நின்றது. அதற்கு முன் ஊருக்கு ஓர் அளவு, ஒவ்வொரு பிரபுவுக்கும் ஒரு படி. தானியம் அளந்து கொடுக்கிற விவசாயிதான் ஏமாந்தான். எல்லோருக்கும் ஒரே அளவு வேண்டும் என்பது கீழே இருந்தவர்களே கேட்டது. அதுவும் சுலபமாக நிலைக்கவில்லை. 1812-இல் நெப்போலியன் பழைய பெயர்களைத் திரும்ப அனுமதித்தார், 1840-இல்தான் மெட்ரிக் மறுபடி கட்டாயமானது. ஆனாலும் நிலைத்தது.

இதில் பழையசைக்கிள் ஐயாவுக்கும் மறுகரைக்கும் நடுவே ஒரு பாலம் இருப்பதாக நினைக்கிறேன். பாரம் யார் தோளில் இருக்கிறதோ அவரிடம் கேட்டுச் செய்த மாற்றம் வேர் விட்டது.


பழையசைக்கிள் எழுதியது:

மறுகரை, இரண்டு நாளாக உங்கள் பதிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த எழுபது வயதுப் பெண்மணிக்கு என்னிடம் பதில் இல்லை. நிதானம் என்ற சொல்லை இனி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பயன்படுத்த மாட்டேன். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் விடமாட்டேன்.

தூறல், அதனால் உங்களுக்கு ஒரு யோசனை. முதலாளியிடம் போய் நாற்காலி வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள். ஏன் உட்காரக் கூடாது என்று கேளுங்கள். காரணம் இருந்தால் வெளியே வரட்டும். இல்லையென்றால் அதுவும் வெளியே வரட்டும். தனியாகப் போகாதீர்கள்.


கடைசிபெஞ்சு எழுதியது:

போகும்போது இதையும் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. பிரிட்டனில் 1899-இலேயே, கடையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்பது புதுமையே இல்லை, நூறு வருடத்துக்கும் மேல் பழையது.


தூறல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

நானும், புதிய பெண்ணும், பில் போடும் அக்காவும் போனோம். ஐயா சொன்னபடியே “ஏன்?” என்று மட்டும் கேட்டோம். முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. “வர்றவங்க மரியாதைக் குறைவா நினைப்பாங்க” என்றார். யாராவது அப்படிச் சொன்னார்களா என்று பில் போடும் அக்கா கேட்டார். இல்லை என்றார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தானாம். ஆள் வந்ததும் எழுந்துவிடுகிறோம், ஆள் இல்லாதபோது மட்டும் உட்காருகிறோம் என்றோம். யோசிக்கிறேன் என்றார். அடுத்த வாரம் நான்கு ஸ்டூல் வந்து இறங்கியது.

இதைச் சொல்லத்தான் வந்தேன்: முதல் நான்கு நாள் ஒருவர்கூட உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. கேட்டு வாங்கியவள் நான்தான், ஆனாலும் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே குதிகாலைத் தட்டில் ஏற்றி நின்றேன். ஐந்தாம் நாள் மத்தியானம் புதிய பெண் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் முதலாளியின் பக்கம் பார்த்தோம். அவர் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் நான்கு ஸ்டூலும் நிறைந்துவிட்டன.

இரண்டு பேர் மட்டும் இன்னும் நிற்கிறார்கள். இரண்டு பேரும் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்ப்பவர்கள். “பழகிடுச்சும்மா” என்கிறார்கள். எண்கோணம் எழுதியதைப் படித்த பிறகு அவர்களை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. நேற்று கடை அடைப்பதற்கு முன் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய், அவர்கள் நிற்கும் கவுன்ட்டர் பக்கத்தில் சுவரோரமாக வைத்துவிட்டு வந்தேன்.